சாராயக்கடை என்றே சொன்னவர்

பொன்னேரியில் அங்கன்வாடி ஆசிரியர்களுக்கான கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது என் மகன் வினோத் போன் செய்தான். கூட்டத்தில் யாரும் போன் எடுக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். அவன் விடாமல் அடித்ததால் வராந்தாவுக்கு வந்து எடுத்தேன். "அம்மா, தேசம்மா பெரிம்மா பூட்டாங்க" என்றான். எங்கே, எப்படி என்று கேட்டேன். "மேட்டுல தான். கம்பு கிட்ட உக்காந்துகினு இருந்தாங்களாம், அப்படியே சாஞ்சிட்டாங்க. கிளப்புக்குப் போன பசங்க தான் பார்த்துச் சொன்னானுங்க" என்றான். கூட்டத்துக்குத் திரும்பாமல் நேராக பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

பழவேற்காடு பஸ்ஸில் திரும்பி வரும்போது, எனக்கு முன்னாலேயே சேதி அந்த பஸ்ஸில் ஏறியிருந்தது. காலிக் கூடைகளோடு உட்கார்ந்திருந்த பெண்கள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி "எந்த தேசம்மா?" என்று கேட்டாள். இன்னொருத்தி "அதான், சாராயக்கடை தேசம்மா" என்றாள். கேட்டவளுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குக் கோபம் பொங்கிக்கொண்டு வந்தது. வாழ்நாள் முழுக்க அந்தக் கடையை எதிர்த்து நின்றவருக்கு, செத்த பிறகு அந்தக் கடையே அடையாளமாகிவிட்டது. சண்டை போடலாமா என்று நினைத்தேன். ஆனால் அவர்கள் அழுதுகொண்டே தான் அப்படிச் சொன்னார்கள்.

பொன்னேரியிலும் ஆரம்பாக்கத்திலும் அவரிடம் மீன் வாங்கியவர்கள் பலர் இதைப் படிக்கக்கூடும். உங்கள் தெருவில் "நண்டு, எறா" என்று கூவிக்கொண்டு வந்த, கொஞ்சம் முரட்டுக் குரல்காரப் பெண்மணிதான் அவர். கட்டிக்கொண்டவர் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளை இல்லை. தம்பி சேகரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர். தம்பி குடித்துச் சாகக்கூடாது என்பது தவிர அவருக்கு வேறு பெரிய ஆசை எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. இந்த ஊரில் அது எவ்வளவு பெரிய ஆசை என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நான் அவரை முதன்முதலில் பார்த்தது பஸ்ஸில்தான். ஆரம்பாக்கத்திலிருந்து கல்யாணமாகி லைட்ஹவுஸ் குப்பம் பக்கத்துக்கு வந்த புதிது. கண்டக்டர் எங்கே இறங்கவேண்டும் என்று கேட்டார். எங்கள் ஸ்டாப்பிங்குக்கு 'கள்ளுக்கடை மேடு' என்று பெயர். புதுத் தாலியோடு அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "குப்பத்துக்கு முன்னாடி ஸ்டாப்" என்று முனகினேன். பக்கத்தில் கூடையோடு நின்றிருந்தவர் பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி, "கள்ளுக்கடைன்னு சொல்லேன்மா, அதுல இன்னா வெக்கம்? அங்க போறவனுங்களுக்கே வெக்கம் இல்ல, உனக்கு இன்னா வந்துச்சு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. இறங்கியதும் என் பையை அவரே வாங்கித் தன் கூடைக்குள் போட்டுக்கொண்டு நடந்தார்.

நடந்துகொண்டே அந்த மேட்டைக் காட்டினார். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே உயர்ந்து நிற்கிற மணல் மேடு அது. அதன் உச்சியில் சிவப்புத் தகரக் கூரை போட்ட ஒரு கட்டடம். "கள்ளு போய் எவ்ளோ காலமாச்சு, பேரு மட்டும் நிக்குது. எங்க தாத்தா கள்ளுக்கடைன்னாரு. பெரிய நைனா கொழும்புக்குப் போய் வந்தவரு, அவரு தவறணைன்னுவாரு. ஆந்திராவுல வாக்கப்பட்ட எங்க அத்த கல்லு துகாணம்னுவா. எங்க நைனாவுக்கு அது சாராயக்கடை. அப்பறம் கொஞ்ச நாளு பிராந்திக்கடை. இப்போ இந்தப் பசங்க ஒயின்ஷாப்புன்றானுங்க. ஒயினு எவன் குடிச்சான் அங்க?" என்றார். மூச்சு வாங்குவதற்காக நின்றார். பிறகு, "பேரு தான் டீச்சரு மாறுது. வீட்டுக்கு வர்றவன் அதே மாரி தான் வரான்" என்றார். நான் அங்கன்வாடி வேலைக்கு வரப்போகிறவள் என்பது அதற்குள் அவருக்கு எப்படியோ தெரிந்திருந்தது. அன்று முதல் கடைசிவரை என்னை டீச்சரு என்றுதான் கூப்பிட்டார்.

அவர் மட்டும் அதைச் சாராயக்கடை என்றே சொல்லுவார். போர்டில் என்ன எழுதியிருந்தாலும் சரி, எந்தச் சரக்கு விற்றாலும் சரி. ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "வேற பேரு வெச்சா அதுக்கு வேற இன்னாமோ வேல கீதுன்னு நெனச்சிடுவோம்" என்றார். இதைவிடச் சரியாக அதைப் பற்றி யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அந்தக் கட்டடத்துக்கு உண்மையிலேயே வேறொரு வேலையும் இருந்தது. அதை எனக்குச் சொன்னவர் என் வீட்டுக்காரர் ஏழுமலை. எங்கள் படகுகள் அமைதியான நாளில் நேராகக் கரையில் ஏறும். கடல் கொந்தளிக்கிற நாளில் அது முடியாது. முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் புகுந்துவிட வேண்டும். அலைக்கு நடுவே அந்த வாய் எங்கே இருக்கிறது என்று கடலிலிருந்து பார்த்தால் தெரியாது. அதனால் லைட்ஹவுஸையும் மேட்டின் மேலிருக்கிற தகரக் கூரையையும் ஒரே கோட்டில் கொண்டுவந்து, அந்த நேரைப் பிடித்து வருவார்கள். மணல் நகர்ந்து வாய் இடம் மாறினால், கூரைக்குக் கொஞ்சம் தெற்கே, கொஞ்சம் வடக்கே என்று தங்களுக்குள் சொல்லி வைத்துக்கொள்வார்கள். கிழவர்கள் அதைக் கள்ளுக்கடை நேர் என்பார்கள். ஏழுமலைக்கு அது சாராயக்கடை நேர். இன்று என் மகன் ஒயின்ஷாப் நேர் என்கிறான். மூன்றும் ஒரே கோடுதான்.

இதை நான் வியந்து தேசம்மா அக்காவிடம் சொன்னபோது அவர் வியக்கவில்லை. "கரைக்கு வர்ற வழியே கடை மேல தான் போவுது. அப்பறம் அவன் கடைக்குப் போவாம எங்க போவான்?" என்றார். அன்று அதை வேடிக்கையாகச் சொன்னார் என்றுதான் நினைத்தேன், சிரித்தும் வைத்தேன்.

சேகர் என் வீட்டுக்காரரின் படகில்தான் எஞ்சின் பிடித்தான். கெட்டிக்காரன். குடித்த நாளில் மட்டும் அக்காவையே யார் என்று கேட்பான். ஒரு மழைக்காலத்துக்கு முன்னால் பெண்கள் எல்லோரும் சேர்ந்து கடைக்குப் போகும் பாதையில் உட்கார்ந்தோம். சமைக்கவில்லை, மீன் விற்கப் போகவில்லை. முன்னால் உட்கார்ந்தவர் தேசம்மா அக்கா. அதிகாரிகள் வந்தார்கள், பேசினார்கள், கடைசியில் சரக்கை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கதவில் பூட்டுத் தொங்கியது. அன்று அவர் ஆடினார். நிஜமாகவே கையைத் தூக்கி ஆடினார். அவரை அப்படிப் பார்த்தவர்கள் இன்னும் பலர் உயிரோடு இருக்கிறோம்.

ஆனால் பூட்டை நம்பி அவரால் இருக்க முடியவில்லை. கட்டடம் நின்றால் கடை திரும்பி வரும் என்றார். "கூரைய எடுத்துட்டா வெறும் செவுரு. மழ பெஞ்சா அதுவும் கரைஞ்சிடும்" என்றார். படகெல்லாம் கடலுக்குப் போயிருந்த ஒரு காலை நேரத்தில், பெண்கள் மேட்டில் ஏறித் தகரங்களைப் பிரித்தார்கள். அங்கன்வாடி வாசலில் நின்று நானும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தகரமும் சத்தத்தோடு கீழே விழும்போது பிள்ளைகள் கைதட்டினார்கள். கரையில் நின்ற எங்களில் ஒருத்திக்குக்கூட அது கடலிலிருந்து பார்க்கிற கூரை என்பது நினைவுக்கு வரவில்லை. எனக்கும் வரவில்லை. வீட்டுக்குள் நுழைகிற நாற்றத்தை வைத்துத்தான் எங்களுக்கு அந்தக் கட்டடத்தைத் தெரியும். ஆண்களுக்கு அது தூரத்துச் சிவப்பு.

மத்தியானத்துக்கு மேல் வாடைக் காற்று திரும்பியது. மழை திரைபோல் இறங்கியது. கரையில் ஏற முடியாமல் படகுகள் முகத்துவாரத்தைத் தேடின. முன்னால் வந்தவர்கள் தப்பித்து நுழைந்துவிட்டார்கள். சேகர் மழைக்குள் சிவப்புக் கூரையைத் தேடியிருக்கிறான். மேட்டுக்கு வடக்கே புதிதாகக் கட்டியிருந்த ஐஸ் கம்பெனிக்கும் சிவப்புத் தகரம்தான். அதையே கடை என்று எண்ணி நேர் பிடித்துவிட்டான். படகு மணல் திட்டில் ஏறிக் கவிழ்ந்தது. மற்றவர்கள் நீந்தி வந்தார்கள். ஏழுமலை வரவில்லை. மறுநாள் காலையில்தான் கடல் அவரைக் கரையில் ஒதுக்கியது.

வாசலில் அவரைக் கிடத்தியிருந்தபோது தேசம்மா அக்கா வந்தார். கூட்டம் விலகியது. நான் அவர் தலைமுடியைப் பிடிப்பேன், மண்ணை வாரித் தூற்றுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். சிலர் அதற்காகவே காத்திருந்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். அவர் என் எதிரே உட்கார்ந்து, "நான் தான் டீச்சரு கூரைய பிரிச்சேன்" என்றார். அழவில்லை. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. ஊரின் மேல்தான் வந்தது. "சாராயக்கடை கூரை இல்லன்னா வீட்டுக்கு வழி தெரியாத ஊரு இது, அக்கா. நீ இன்னா பண்ணுவ?" என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் அழ ஆரம்பித்தார். அவரை நிறுத்த என்னால் முடியவில்லை. என் அழுகையே நிற்கவில்லை.

ஊர்க் கூட்டம் கூடியது. கூரையைத் திரும்பப் போடவேண்டும் என்பது ஒரே பேச்சில் முடிவானது. தேசம்மா அக்கா கூட்டத்தின் ஓரத்திலிருந்து எழுந்து, "கூரை வாணாம். கம்பு நடலாம். பெருசா, செவப்புத் துணி கட்டி" என்றார். பெரியவர் ஒருவர் பொறுமையாகவே பதில் சொன்னார். "யம்மா, மழையில துணி தெரியாது. தகரம் தான் மின்னும். அதும் பழகின எடத்துல இருக்கணும். கண்ணு தானா அங்க தான் போவும்." அவர் சொன்னதில் பொய் இல்லை. அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். அவர் கெட்டவராக இருந்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம்.

கூரை போட்டார்கள். புதுத் தகரம், முன்னைவிடப் பளிச்சென்ற சிவப்பு. கூரைக்குக் கீழே நான்கு சுவரும் ஒரு கதவும் சும்மா கிடப்பானேன் என்று யாரோ கேட்டார்கள். வாடகைக்கு விட்டால் கோயில் திருவிழாச் செலவுக்கு ஆகுமே என்று இன்னொருவர் சொன்னார். அடுத்த மீன்பிடித் தடைக்காலம் வருவதற்குள் அங்கே ஒரு போர்டு ஏறியது. தேசம்மா அக்கா அங்கன்வாடிக்கு வந்து, "வந்து இன்னான்னு படி" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். 'மனமகிழ் மன்றம்' என்று எழுதியிருந்தது. "இன்னொரு வாட்டி படி" என்றார். படித்தேன். "அதுக்கு இன்னா அர்த்தம்?" என்றார். மனசு மகிழ்கிற இடம் என்று சொன்னேன். போர்டைப் பார்த்து, "சாராயக்கடை" என்று சொல்லித் திரும்பி நடந்தார்.

பையன்கள் அந்த மன்றத்தைக் கிளப் என்றார்கள், உள்ளே விற்றது அதே சரக்குதான். அதன்பிறகும் அவர் ஓயவில்லை. பொன்னேரியில் ஓர் அதிகாரியைப் பார்க்க என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அந்த அதிகாரி மரியாதையாக உட்காரவைத்து, "அம்மா, அது மதுக்கடை இல்லை. மன்றம். உறுப்பினர்கள் மட்டும்தான் உள்ளே போக முடியும்" என்றார். தேசம்மா அக்கா, "எங்க தம்பி தெனமும் அந்த வாசல்ல வாந்தி எடுத்துகினு கெடக்கிறான் சார். அவன் உறுப்பினரா, இல்ல தலைவரா?" என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரியும் சிரித்தார். எங்களுக்கு டீ வரவழைத்துக் கொடுத்தார். அதோடு சரி.

சேகரைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்த நாளுக்குப் பிறகு அவன் கடலுக்குப் போகவில்லை. எஞ்சின் பிடியைத் தொட்டாலே கை நடுங்குகிறது என்றான். நடுக்கம் நிற்கக் குடித்தான், பிறகு குடித்ததால் நடுங்கினான். தம்பியைக் கடையிலிருந்து காப்பாற்றக் கூரையைப் பிரித்தவர், அதனாலேயே அவனை முழுசாகக் கடைக்குக் கொடுத்துவிட்டார். இதை அவரிடம் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. ஒருநாள் என் வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவர், "அந்தக் கூரை இருந்திருந்தா அவன் பாதி நாளாவது கடலுக்குப் போயிருப்பான் இல்ல?" என்றார். இல்லை என்று பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் பொய் நிற்காது.

கம்பு நடுகிற யோசனையை ஊர் ஏற்காவிட்டால் என்ன என்று அவரே ஒரு நீண்ட சவுக்குக் கம்பை மேட்டின் மறுபக்கம், கடையிலிருந்து தள்ளி நட்டார். உச்சியில் தன் சிவப்புச் சேலையைக் கிழித்துக் கட்டினார். படகுக்காரர்கள் அதைப் பார்த்து நேர் பிடிக்கப் பழகிவிட்டால், கூரை வேண்டாம் என்று கேட்கலாம் என்பது அவர் கணக்கு. துணி தெரியவில்லை என்றார்கள். ஒரு துண்டுத் தகரத்தை வளைத்து மாட்டினார். காற்று அதைப் பிய்த்துக்கொண்டு போய் யாரோ வீட்டு ஆட்டின் பக்கத்தில் எறிந்தது. ஆட்டுக்காரி வந்து சண்டை போட்டாள். மறுபடியும் துணிக்கே வந்தார். புயல் சாய்த்தால் நிமிர்த்துவார், வெயில் வெளுத்தால் மாற்றுவார். இப்போது பையன்கள் கையில் போனிலேயே கடல் வழி தெரிகிறது என்றாலும், முகத்துவாரத்துக்குக் கிட்டே வந்ததும் போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் கூரையைத்தான் பார்க்கிறார்கள்.

என் மகன் கடலுக்குப் போகத் தொடங்கியபோது அவனிடம் தினமும் கேட்பார். "தெரிதாடா கம்பு?" ஒருநாள் அவன் "தெரிது பெரிம்மா, நல்லாவே தெரிது" என்றான். அன்று அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். எனக்கு ஒரு பொரித்த வஞ்சிரத் துண்டும், அவனுக்குத் தனியாக ஒன்றும் கொண்டுவந்து கொடுத்தார். அவர் போனபிறகு நிஜமாகவே தெரிகிறதா என்று வினோத்திடம் கேட்டேன். "அய்ய, எங்கமா தெரியும்? சொம்மா சொன்னேன். பாவம்" என்றான். அந்தப் பொய் அவரிடம் எப்படியோ நின்றுவிட்டது. கடைசி நாள்வரை அவர் அதை நம்பித்தான் துணி மாற்றப் போனார் என்று நினைக்கிறேன். மடியில் புதுத் துணி மடித்தபடி இருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பஸ்ஸை விட்டு இறங்கி நான் போய்ச் சேர்ந்தபோது பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். தூக்குகிறவர்கள் மன்றத்துக்குப் போய்விட்டு வந்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் அது வழக்கம்தான், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. அந்தப் பெண்மணியை அந்த வாடையோடுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். கொள்ளி வைக்கச் சேகரால் நிற்க முடியவில்லை. வினோத் பின்னாலிருந்து அவன் கையைப் பிடித்து வைக்க உதவினான் என்று வந்து சொன்னார்கள். "அக்கா, நேர் தெரில அக்கா" என்று சேகர் கத்தினானாம். அதை மற்றவர்கள் குடிகாரன் உளறல் என்றார்கள். நான் கேட்காமல் போனது நல்லதுதான்.

ஒருவரைப் பற்றி எழுதினால் கடைசியில் அவர் விட்டுச் சென்றதைச் சொல்லவேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. கம்பு சாய்ந்து கிடக்கிறது, நிமிர்த்த எனக்குத் தெம்பு இல்லை. நிமிர்த்தினாலும் பார்க்க ஆள் இல்லை. கூரை நன்றாகவே இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு சொல்தான். அதை நான் மாற்றிச் சொல்வதில்லை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கருமாதி முடிந்த அன்று சாயங்காலம் வினோத் சட்டையை மாட்டிக்கொண்டு, "கிளப் வரைக்கும் போய்ட்டு வரேன்மா" என்றான். "சாராயக்கடைன்னு சொல்லிட்டுப் போடா" என்றேன். அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். கண் கலங்கியிருந்தது, சிரிக்கவும் செய்தான். "சரி. சாராயக்கடைக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.